மலைத் தோட்டத்துக்குச் சின்ன ஜீப்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

மலை மீதும் மலையடிவாரத்திலும் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். “நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி வந்திருக்கிறதே, அதை வாங்கினால் மழைக்காலத்தில் தோட்டத்துக்குப் போய்வர ஆகுமா? விளைந்ததையும் அதிலேயே கீழே இறக்கிவிடலாமா?” இதில் இருப்பவை இரண்டு கேள்விகள். முதலாவதற்கு ‘ஆகும்’ என்பது பதில். இரண்டாவதற்கு ‘ஆகாது’ என்பது பதில். இரண்டையும் ஒன்றாக நினைத்து வண்டி வாங்குகிறவர்தான் பின்னால் தவணை கட்டத் தடுமாறுகிறார்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது மாருதி சுஸுகி நிறுவனத்தின் ஜிம்னி வண்டியை. மூத்த விவசாயிகளுக்கு ஜிப்ஸி நன்றாக நினைவிருக்கும். 1985-ல் 970 சி.சி. பெட்ரோல் எஞ்சினுடன் வந்த அந்த வண்டி, இராணுவத்திலும் காவல் துறையிலும் வனத் துறையிலும் ஏராளமாக ஓடியது. அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஜிம்னி. ஜப்பானில் இந்தப் பெயர் 1970-லேயே உண்டு. அப்போது அதற்கு 359 சி.சி. எஞ்சின்தான். நம் நாட்டில் ஐந்து கதவு கொண்ட வகை 2023 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தது. மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா ஆகியவையும் இதே வேலைக்கான வண்டிகளே. அவை எடை கூடியவை, டீசலில் கிடைப்பவை. கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

பலம் எங்கே இருக்கிறது?

சாதாரணக் கார் சேற்றில் சிக்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டும். மற்றது அசையாமல் நிற்கும். எஞ்சின் கொடுக்கும் சக்தி, எந்தச் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறதோ அதன் வழியே வீணாவதுதான் காரணம். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால், ஆக்சிலின் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பை வைத்திருக்கிறார்கள். தார்ச் சாலையில் நன்மை செய்யும் அதே அமைப்பு சேற்றில் நம்மைக் கைவிடுகிறது.

ஜிம்னியில் இதற்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, தேவைப்படும்போது ஒரு நெம்பியைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். பின்பக்கம் பிடிமானம் இல்லாவிட்டாலும் முன்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது, வழுக்கிச் சுற்றும் சக்கரத்தை வண்டியே பிரேக் போட்டுப் பிடிக்கிறது. சக்தி எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. மூன்றாவது ஏற்பாடுதான் என் கருத்தில் மிகவும் முக்கியமானது. அது தாழ்கியர். இதைப் போட்டால் எந்தக் கியரிலும் வேகம் பாதியாகும்; சக்கரத்தில் இழுப்பு இரு மடங்காகும். டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு ‘லோ’, ‘ஹை’ என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே சங்கதிதான் இது. ஏற்றத்தில் மட்டும் அல்ல, சரளைக்கல் நிறைந்த இறக்கத்திலும் இதன் அருமை தெரியும். பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினின் பிடிப்பிலேயே வண்டி நடைவேகத்தில் இறங்கும். மழை பெய்த செம்மண் சரிவில் பிரேக் மிதித்த வண்டி எப்படிச் சறுக்கும் என்பதை மலைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடையில் ‘எஸ்.யு.வி.’ என்ற பெயரில் விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாழ்கியர் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயரமாக இருப்பதாலும் பெரிய சக்கரம் இருப்பதாலும் மட்டும் ஒரு வண்டி மலைப்பாதைக்கு ஏற்றதாகிவிடாது. பலவற்றில் முன் சக்கரம் இரண்டு மட்டுமே இழுக்கும். ‘இதற்குத் தனி தாழ்கியர் நெம்பி இருக்கிறதா?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் விற்பனையாளரின் பேச்சில் பாதி குறைந்துவிடும்.

எடை இன்னொரு பலம். ஜிம்னி சுமார் 1,200 கிலோதான். நாம் அறிந்த 40 குதிரைத்திறன் டிராக்டர் 2 டன்னை ஒட்டி வரும். எடை குறைந்த வண்டி சேற்றில் குறைவாகப் புதையும். புதைந்தாலும் நான்கு பேர் தள்ளி எடுத்துவிடலாம். அகலம் 1,645 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடிக்குள். காப்பி, மிளகு, ஏலத் தோட்டங்களில் பழைய ஜீப் போன தடத்தில் இது தாராளமாகப் போகும். அடிப்பாகம் தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. லாரிக்கு இருப்பது போலத் தனிச் சேஸ் உண்டு. முன்னும் பின்னும் முழு இரும்பு ஆக்சில்கள். ஒரு சக்கரம் கல் மீது ஏறித் தூக்கினால் மறு சக்கரம் தரையில் அழுந்தும், தராசின் இரு தட்டுகளைப் போல.

எந்தத் தரையில் எப்படி?

சரளையும் செம்மண்ணும் கலந்த மலைத்தடம்தான் இந்த வண்டிக்கு ஏற்ற இடம். கொல்லிமலை, ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை போன்ற பகுதிகளில் தார்ச்சாலை முடிந்து ஊருக்குள் பிரியும் பாதைகள் பெரும்பாலும் இந்த வகையே. ஆனால் கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. அது தார்ச்சாலை, பேருந்தே போகிறது. வளைவையும் ஏற்றத்தையும் பார்த்துப் பயந்து இந்த வண்டியை வாங்க வேண்டாம். பாதை உடைந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டக் கூடாது. இந்த வண்டியில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. வளைவில் அவை வெவ்வேறு தூரம் ஓட முயலும்போது பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், டயர் தேயும், கடைசியில் எதாவது உடையும். மண் வழுக்கிக் கொடுக்கும் இடத்தில்தான் அதைப் போட வேண்டும். தாழ்கியரை வண்டியை முழுவதும் நிறுத்தி, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு போட வேண்டும். சேற்றில் இறங்கிச் சிக்கிய பிறகு போடுவதைவிட இறங்குவதற்கு முன்பே போடுவது நல்லது.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரி மணலில் வேறு முறை வேண்டும். அங்கே டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். 28 பவுண்டு இருக்கும் காற்றை 18 அல்லது 20-க்கு இறக்கினால் டயர் தட்டையாகப் பரவி மணலின் மேல் மிதந்து போகும். சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று நிரப்பாமல் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். ஆதலால் காற்றடிக்கும் சிறு பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்க வேண்டும்.

கரிசல் மண் கதை வேறு. ஈரக் கரிசல் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு டயரையே வழவழப்பான உருளையாக்கிவிடும். அப்போது நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்குவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கக் கரிசல் விவசாயி இந்த வண்டியை நம்பிப் பெருமழைக்கு மறுநாள் மண்பாதையில் இறங்க வேண்டாம். இரண்டு நாள் காய விடுவதே அங்கே சிறந்த வழி.

காட்டாறு குறுக்கிடும் பாதைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சத்தியமங்கலத்தை அடுத்த கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் செல்லும் வழியில் வெள்ளம் வந்து ஊர் துண்டிக்கப்பட்ட செய்தியைப் பல ஆண்டுகள் படித்திருக்கிறோம். தேங்கி நிற்கும் தண்ணீரானால் சக்கரத்தின் பாதி உயரத்துக்குள் இருந்தால் மெதுவாகக் கடக்கலாம். ஓடும் தண்ணீரை இப்படிக் கணக்கிடக் கூடாது. ஒரு அடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் சிறிய வண்டியை நகர்த்திவிடப் போதும். இங்கே எடை குறைவு என்ற பலமே பலவீனமாகிறது. நடந்து கடக்க முடியாத நீரில் வண்டியை இறக்காதீர்கள்.

பலவீனங்கள்

முதல் பலவீனம் சுமை. இந்த வண்டியில் ஆட்களையும் பொருளையும் சேர்த்து ஏற்றத் தக்க எடை சுமார் 350 கிலோவுக்குள்தான். இருக்கை நான்கு. ஆள் ஒன்றுக்கு 65 கிலோ என்று நான்கு பேர் உட்கார்ந்தால் 260 கிலோ ஆயிற்று. மீதி 90 கிலோ. அதாவது 45 கிலோ யூரியா மூட்டை இரண்டு. பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள இடம் 208 லிட்டர்; இருக்கையை மடக்கினால் 332 லிட்டர். இரண்டு பேர் மட்டும் போனாலும் தக்காளிப் பெட்டி ஐந்தாறுக்கு மேல் வைக்க இடம் இருக்காது. ஒரு ஏக்கர் தக்காளியின் ஒரு பறிப்பை இறக்க எத்தனை நடை போக வேண்டும் என்று விவசாயிகளே கணக்கிட்டுக்கொள்ளலாம். பின் கதவு மேலே திறக்காமல் பக்கவாட்டில் திறக்கிறது. ஸ்டெப்னி டயரும் அதிலேயே தொங்குகிறது. சுவரை ஒட்டி நிறுத்தி மூட்டை ஏற்ற முடியாது என்பது சிறு விஷயம். ஆனால் தினமும் உறுத்தும்.

மேலே கேரியர் போட்டு மூட்டை அடுக்குவதை அறவே தவிர்க்க வேண்டும். குறுகலாகவும் உயரமாகவும் உள்ள வண்டி இது. உச்சியில் எடை ஏறினால் சரிவுப் பாதையில் பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும்.

இரண்டாவது பலவீனம், நடு வயிறு. மூன்று கதவு ஜிம்னியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,250 மில்லிமீட்டர். நம் நாட்டில் விற்கும் ஐந்து கதவு வண்டியில் 2,590. பின் இருக்கையில் கால் நீட்ட வசதி கிடைத்தது. அதற்கு விலையாக, மேட்டைத் தாண்டும்போது அடிவயிறு தட்டும் வாய்ப்பும் கூடியது. முன் சக்கரம் உயரமான வரப்பையோ கால்வாய்க் கரையையோ ஏறி இறங்கியதும் நடுப்பகுதி கரையில் உட்கார்ந்துகொள்ளும். நான்கு சக்கரமும் சுற்றிப் பயனில்லை. ஒரு அடிக்கு மேல் உயரமான கூர்மையான கரையை நேராகத் தாண்டாமல் சாய்வாகக் குறுக்கே கடக்க வேண்டும். அல்லது இருபுறமும் நாலு மண்வெட்டி மண் போட்டுச் சரிவாக்க வேண்டும்.

மூன்றாவது, எரிபொருள். டீசல் எஞ்சின் இதில் இல்லை. 1,462 சி.சி. பெட்ரோல் எஞ்சின் 100 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தருகிறது. ஆனால் அந்தத் திறன் வேகமாகச் சுற்றும்போதுதான் வரும். இழுப்பு விசை 134 அலகு. டீசல் தாரில் இது சுமார் 300. அதனால் சுமையோடு ஏற்றத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைச் சத்தம் போட வைத்தே ஏற வேண்டும். லிட்டருக்கு 16.94 கிலோமீட்டர் என்பது சோதனைக் கூடத்துக் கணக்கு. தாழ்கியரில் மலையேறும் வண்டி 10 கிலோமீட்டர் கொடுத்தால் திருப்திப்பட வேண்டியதுதான். டாங்கு கொள்ளளவு 40 லிட்டர்.

வயலுக்குள் இறக்கலாமா?

‘எடை குறைந்த வண்டிதானே, வரப்போரம் வரை போகலாமே’ என்று சிலர் வயலுக்குள்ளேயே ஓட்டுகிறார்கள். இது பற்றி ஒரு மண் ஆய்வு உண்மையைச் சொல்ல வேண்டும். டயர் மண்ணின் மேற்பரப்பை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அந்த டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். டிராக்டரின் பெரிய பின் டயரில் 12 முதல் 16 பவுண்டு காற்றுதான் இருக்கும். காரில் அதைப் போல் இரு மடங்கு. ஆகவே ஒரு சதுர அங்குல மண்ணுக்கு, 1,200 கிலோ வண்டி 2 டன் டிராக்டரைவிடக் கூடுதலாக அழுத்துகிறது. டிராக்டரின் அழுத்தம் ஆழத்துக்கு இறங்கும். காரின் அழுத்தம் மேல் மண்ணை இறுக்கும். நாம் விதை போடுவது அந்த மேல் மண்ணில்தான்.

ஈரமாக இருக்கும்போது ஒரு தடவை ஓட்டினாலும் மண்ணின் காற்றறைகள் மூடிக்கொள்ளும். மழைநீர் அந்தத் தடத்தில் உள்ளே இறங்காது. சரிவு நிலத்தில் அதே தடம் ஓடையாக மாறி மண்ணை அரித்துச் செல்லும். நிலக்கடலையில் விழுது மண்ணுக்குள் இறங்காமல் நின்றுவிடும். மரவள்ளியில் கிழங்கு பருக்காது. காப்பி, மிளகுத் தோட்டத்தில் உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒரு அடியிலேயே பரவியிருப்பதால் மரத்தடியை ஒட்டி வண்டி போவது வேருக்குக் கேடு. வண்டிக்கு என்று ஒரே தடத்தை ஒதுக்கி, எப்போதும் அதிலேயே போக வேண்டும். அந்தத் தடத்தின் குறுக்கே 20, 30 அடிக்கு ஒரு இடத்தில் சாய்வாகச் சிறு மண்மேடு போட்டு நீரைப் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

உழவு, மருந்து தெளிப்பு, டிரெய்லர் இழுப்பு ஆகியவற்றுக்கு இந்த வண்டி ஆகாது. டிராக்டருக்குரிய டிரெய்லரை இதில் மாட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். இறக்கத்தில் வண்டியின் பிரேக் அதைத் தாங்காது.

ரூபாய்க் கணக்கு

வெளிவந்தபோது இதன் கடை விலை 12.74 லட்சம் முதல் 15.05 லட்சம் வரை இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாற்றத்தால் சற்றுக் குறைந்தது. அந்த மாற்றத்தில் டிராக்டருக்கு 5 சதம், சிறு சரக்கு வண்டிக்கு 18 சதம், இந்த வகைக் காருக்கு 40 சதம் என்று வரி அமைந்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் சாலை வரி 18 சதம். எல்லாம் சேர்த்து வீட்டு வாசலுக்கு வரும்போது 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர், பவர் டில்லர் போன்றவற்றுக்கு உள்ள வேளாண் இயந்திர மானியம் இதற்குக் கிடையாது.

3 லட்சம் கையிலிருந்து போட்டு, 12 லட்சத்தை 9 சத வட்டியில் 7 ஆண்டுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 19,300 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 4.2 லட்சம்; ஆண்டுக்கு 60,000. பத்து ஆண்டு கழித்து 5 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு 1 லட்சம். காப்பீடு, பராமரிப்பு, டயர் என்று 40,000 வையுங்கள். வண்டி கொட்டகையிலேயே நின்றாலும் ஆண்டுக்கு 2 லட்சம் செலவு. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 33 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 10 என்று கொண்டால் மேலும் 10 ரூபாய். ஆக 43 ரூபாய்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. சாதாரண வண்டியோ இருசக்கர வண்டியோ போகவே முடியாத நாட்கள் ஆண்டில் எத்தனை? ஒரு நோட்டில் ஓராண்டு குறித்து வாருங்கள். 40 நாள் என்று வந்தால், அந்த நாள் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று பொருள். அந்த 40 நாளுக்கு ஊரில் ஏற்கெனவே ஓடும் ஜீப்பை வாடகைக்குப் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிப் போவது ஜீப்புகள்தான். அத்தகைய வண்டிகள் உள்ள இடத்தில் இரண்டு ஏக்கர்காரர் சொந்தமாக ஒன்று வைத்திருக்கக் காரணம் இல்லை.

சிலர் ‘தவணைக்கு ஆகட்டும்’ என்று சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியில் ஆள் ஏற்றிக் கூலி வாங்குகிறார்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். இழப்பீட்டுக்கு நிலமே போகக்கூடும். அவசரத்துக்கு அண்டை வீட்டாரைக் கூலி வாங்காமல் ஏற்றிப் போவது வேறு; அது யாரும் தடுக்காத உதவி.

ரூபாயில் அடங்காத ஒன்றும் உண்டு. நள்ளிரவில் பாம்பு கடித்தவரையும் பிரசவ வலி கண்டவரையும் கட்டிலில் தூக்கிக்கொண்டு மலை இறங்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் மழையிலும் கிளம்பும் வண்டி ஒன்று நிற்பது பெரிய ஆறுதல். அத்தகைய இடத்தில் வசதியுள்ள ஒருவர் இதை வாங்கினால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

வண்டிக்கு முன் பாதையைப் பாருங்கள்

நான்கு கிலோமீட்டர் தடத்தில் நான்கு கிலோமீட்டரும் கெட்டிருப்பது அபூர்வம். பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்கள்தான் வண்டியை மறிக்கும்: ஊற்று கசியும் ஒரு பள்ளம், வடிகால் இல்லாத ஒரு வளைவு, மண் சரிந்த ஒரு ஏற்றம். அங்கே மலைப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, குறுக்கே ஒரு சிமெண்டுக் குழாய் பதித்து, 100 அடிக்குக் கருங்கல் பரப்பினால் குட்டி யானையே போய்வரும். அந்தப் பாதையால் பயன்பெறும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, ஊராட்சியையும் அணுகினால், ஒருவர் கட்டும் ஓராண்டுத் தவணைக்குள் பல இடங்களில் இந்த வேலை முடிந்துவிடும். காட்டு நிலத்தின் ஊடே போகும் தடமானால் வனத் துறையின் அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்கக் கூடாது. குதிரைகள் பொதி சுமக்கும் சிறுமலை போன்ற இடங்களில் சரக்கு வேலையைக் குதிரையிடமே விடுவதும் குறைவான யோசனை அல்ல.

ஜப்பான் விவசாயி எதை ஓட்டுகிறார் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. 2025 ஜனவரியில் இந்தியாவில் செய்த ஐந்து கதவு ஜிம்னி அங்கே அறிமுகமானபோது நான்கே நாளில் 50,000 பேர் பதிவு செய்து, நிறுவனமே பதிவை நிறுத்த நேர்ந்தது. ஆனால் அந்நாட்டுச் சிறு விவசாயியின் வயலோரத்தில் நிற்பது ஜிம்னி அல்ல. 660 சி.சி. எஞ்சினும் 350 கிலோ சுமைத்திறனும் கொண்ட சின்னஞ்சிறு லாரிதான். சுஸுகியின் கேரி, டைஹட்சுவின் ஹைஜெட் ஆகியவை அங்கே நான்கு சக்கர இயக்கத்தோடு கிடைக்கின்றன; டிஃபரன்ஷியல் பூட்டும் உண்டு. அதே கேரி பெயரில் 2016-ல் நம் நாட்டுக்கு வந்த லாரியில் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். 2005-ல் வந்த டாடா ஏஸ் முக்கால் டன் ஏற்றும், அதிலும் அப்படியே. நம் மலை விவசாயிக்கு உண்மையில் வேண்டியது நான்கு சக்கரமும் இழுக்கும் குட்டி யானை. அது இங்கே இல்லை. ஐந்தாறு பேர் சேர்ந்த குழுவானால் நான்கு சக்கர இயக்கம் கொண்ட பொலிரோ கேம்பர் வகையைப் பார்க்கலாம். அது டீசல் வண்டி, பின்னால் தொட்டி உண்டு, சரக்கு வண்டியாகப் பதிவாகும். குறுகிய தடத்தில் ஜிம்னி திரும்புமிடத்தில் அது திரும்பாது.

பழைய ஜிப்ஸி வாங்குவோருக்கு

புதியது எட்டாதவர்கள் பழைய ஜிப்ஸியைத் தேடுகிறார்கள். 1996 முதல் வந்த 1,300 சி.சி. வகை நல்லது. 2019 வாக்கில் உற்பத்தி நின்றுவிட்டதால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பதை உள்ளூர் மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். சேஸின் அடியில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். துரு உதிர்ந்து உள்ளே இறங்கினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சரளைத் தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திருப்பினால் வண்டி திமிறி இழுக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் முன் ஆக்சிலுக்குச் சக்தி போகவில்லை. தாழ்கியர் விழுகிறதா, போட்டபின் தானே கழன்று கொள்கிறதா என்று ஏற்றத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இராணுவ ஏலத்தில் எடுத்தது என்று சொன்னால் பதிவுப் புத்தகம் உங்கள் மாவட்டத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சரியாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணமும் பசுமை வரியும் உண்டு; வண்டி தகுதிச் சோதனையிலும் தேற வேண்டும்.

கடைசியாக பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதம் எத்தனால் கலந்தது. நம் கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும்தான் அதில் எரிகின்றன என்பது விவசாயிக்கு நல்ல செய்தியே. ஆனால் பழைய ஜிப்ஸியின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி வெடித்துக் கசியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டாங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். ஆதலால் வாங்கிய முதல் வாரமே எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றி, டாங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டரைப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.